ரேடியோ போட்ட வைக்கோல் மெத்தை

எங்கள் பந்தயக் குதிரை லாயத்தில் குதிரை பராமரிக்கும் பெரியவர் ஒருவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். கேலிதான். மனிதர்களிடம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். குதிரைக் கொட்டடிக்குள் நுழைந்துவிட்டாலோ குதிரையிடம் பேசுவதை நிறுத்தவே முடியாது. மனைவி போய்ச் சேர்ந்தபிறகு, கொட்டடியை ஒட்டிய அறையிலேயே தங்கிவிட்டார். வெளியூரில் இருக்கும் மகன் போனில் "சாப்டீங்களாப்பா?" என்பான். இவர் "ம்" என்பார். பேச்சு முடிந்துவிடும். நான் அங்கே தீவனம் அளந்து கொடுப்பவன். எனக்கும் அதற்குமேல் கிடைத்ததில்லை.

அவர் பொறுப்பில் இருந்தது இரண்டு வயதுப் பெண்குதிரை ஒன்று. மகாராணி என்பார். நல்ல வேகக்காரி. ஆனால் பயிற்சி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இல்லை, தீனி குறையவில்லை. ஓடி முடித்துத் தலையைத் தாழ்த்தியதும் லொக் லொக்கென்று இருமும். மூக்கில் சளி வழியும். டாக்டர் மருந்தும் ஓய்வும் கொடுத்தார். குணமானது. மறுபடி ஓடவிட்டதும் பழைய குருடி கதவைத் திறடி.

"இப்படியே இருந்தா முதலாளி வித்துடுவாருய்யா" என்றார் பயிற்சியாளர். அன்று ரேடியோ சாப்பிடவில்லை.

வைக்கோல் மாற்றும்போது குதிரையை வெளியே கட்டுவதுதான் எங்கள் லாயத்து வழக்கம். ரேடியோ மட்டும் கட்டமாட்டார். பேச்சுத் துணை போய்விடுமே! மகாராணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் சொல்லியபடி, வைக்கோலைத் தலைக்குமேல் தூக்கி உதறி உதறி மெத்தை போடுவார். இருமல் வந்தபிறகு இன்னும் உயரத் தூக்கி உதறினார், இன்னும் கனமாகப் போட்டார். சீக்காளிக்கு முதுகு வலிக்கக்கூடாதாம்.

ஒருநாள் டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கதவு வழியே விழுந்த வெயிலில் தூசி புகையாக நின்றது.

"என்னங்க பண்றீங்க? இந்தத் தூசியைத்தான் அது தினமும் உள்ள இழுக்குது. அப்புறம் மருந்து எப்படிக் கேக்கும்?"

"அப்ப நான்தானா?" என்றார் ரேடியோ. எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

வைக்கோலுக்குப் பதில் மரச்சீவல் வந்தது. காய்ந்த புல்லை நான் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். மகாராணியை வெளியே கட்டிவிட்டுத் தனியாக நின்று கொட்டடியைச் சுத்தம் செய்தார் அவர். இருமல் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. சுற்றியிருந்த கொட்டடிகளில் எல்லாம் வைக்கோல்தானே?

பிறகு பயிற்சியாளர் வந்தார். "காலைல ஓடினப்போ இருமலையே. நின்னுடுச்சுன்னு சொல்லு, இங்கேயே இருக்கட்டும், பந்தயத்துல விட்டுடலாம். இல்லேன்னா டாக்டர் சொன்ன மாதிரி மைதானத்துக்கு அந்தப் பக்கம், திறந்தவெளிக்கு அனுப்பணும். அங்க வேற ஆள் பாத்துப்பான். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நீதானே பக்கத்துல படுத்திருக்கே, சொல்லு."

ஒரு "ஆமா" போதும். ரேடியோ மகாராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அவருக்கு இந்த உலகத்தில் பேச வேறு ஆள் கிடையாது. அது எனக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும்.

"விடியும்போது இருமுச்சு சார். அனுப்பிடுங்க."

ஒரு மாதம் கழித்துத் தீவன வண்டியில் அவரையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். வேலிக்கு அப்பால் மகாராணி வேறு இரண்டு குதிரைகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. கூப்பிட்டார். காது மட்டும் ஒருமுறை திரும்பியது. தலை நிமிரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றும் சேர்ந்து தள்ளிப் போய்விட்டன.

நான் மூட்டைகளை இறக்கி முடிக்கும்வரை வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வாங்கண்ணே, போலாம்."

"ஒரு தடவைகூட இருமல தம்பி" என்றார். அழுதுகொண்டிருந்தார்.