பங்குனியில் பார்த்த வீடு

ஒரு தெருவுக்குள் பத்து நிமிடம் நடந்தால் போதும், அங்கே வாடகைக்கு ஆள் நிற்குமா நிற்காதா என்று நான் சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் ஒன்றிரண்டு தரகர்களே இப்போது என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கண் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஒரு வீட்டில் ஏமாறப் பார்த்தோம், அதிலிருந்து வந்தது.

என் கணவர் இருபத்திரண்டு வருடம் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். சேர்த்த பணத்துக்கு ஒரே ஒரு வீடுதான் வாங்க முடியும். அதில் மாதா மாதம் வாடகை வந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாம். வராவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

ஆடியில் லீவுக்கு வந்தபோது குற்றாலத்தில், அருவிக்கு நடந்தே போகிற தூரத்தில், ஒரு மாடி வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் கேரளா வண்டி, சென்னை வண்டி. தோளில் துண்டோடு ஜனம் ரூம் கேட்டு வீடு வீடாக அலைந்தது.

"ஏட்டி, இது ஒரு நா கூட காலியா கெடக்காது. நாள் வாடகைக்கு விட்டாலே நாம ராஜாதான்" என்றார்.

எனக்கும் சரியென்றுதான் பட்டது. சித்திரையில் அட்வான்ஸ் தருவதாக வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு விமானம் ஏறினார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். தெருவில் ஈ காக்கையைக் காணோம். லாட்ஜுகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. அருவி இருந்த இடத்தில் பாறைதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை கிடையாது. வீடியோ காலில் கூப்பிட்டு, போனைத் தெருப்பக்கம் திருப்பினேன்.

"இது எந்த ஊருட்டி?" என்றார்.

"நம்ம குத்தாலந்தான். நீங்க பாத்த வீட்டு முன்னாலதான் நிக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அருவியில் குளிக்க வேண்டும் என்றே வருடா வருடம் ஆடியில்தான் லீவு எடுப்பார். ஊரின் வெயிலை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. சாரலிலேயே பார்த்துப் பார்த்து, எந்நாளும் ஊர் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். சரி, வருடம் முழுக்க இங்கேயே இருக்கிற எனக்கு எங்கே போயிற்று புத்தி? அவர் பக்கத்தில் நின்றால் எனக்கும் எல்லா நாளும் ஆடிதான்.

"இனி நீ பாக்குததுதான் வீடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் கடைசியில்.

பிறகு தென்காசிக்குள்ளேயே தேடினேன். தரகர் முதலில் காட்டியது வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய பங்களாத் தெரு. கிரானைட், கண்ணாடி, ஆள் உயரக் கேட். ஒவ்வொரு கேட்டிலும் பூட்டு.

"தெரு எவ்வளவு டீசன்ட்டா இருக்கு, பாத்தியளா?" என்றார்.

"பூட்டு டீசன்ட்டாத்தான் இருக்கும் அண்ணாச்சி. ஒரு கொடியிலயாவது துணி காயுதா? ஆளே இல்லாத தெருவுல எனக்கு யாரு வாடகை தருவா?"

அடுத்த தெருவில் துணி காய்ந்தது. ஆனால் வாசலுக்கு மூன்று நீல டிரம் நின்றது. குழாய்த் தண்ணீர் என்றைக்கோ ஒருநாள்தான் வருகிறது என்று அர்த்தம். குடிவருகிறவர்கள் மூன்றாம் மாதமே சாமான்களை வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாதாரணத் தெருவில்தான் என் கால் நின்றது. வாசலில் டிரம் இல்லை. மாடிகளில் பள்ளிக்கூட யூனிஃபார்மும் நர்ஸ் கோட்டும் காய்ந்தன. முனைக்கடையில் இட்லி மாவு கேட்டேன்.

"ஏழு மணிக்கு மேல வந்தா மாவு ஏது மதினி? தென்காசி தனி மாவட்டம் ஆனதுல இருந்து ஆபீஸ்காரங்க பூரா இங்கனதான் வாராங்க" என்றாள் கடைக்காரி.

சொந்த வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே ஆட்டிக்கொள்வார்கள். வேலைக்கு ஓடுகிற வாடகைக் குடும்பங்கள்தான் தினமும் பாக்கெட் மாவு வாங்கும். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. வீடு பழசு, ரோஸ் பெயிண்ட், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. போனில் பார்த்த என் கணவர் முகத்தைச் சுளித்தார்.

"இதையா வாங்கப் போற?"

"நாம குடியிருக்கவா வாங்குதோம்?" என்றேன்.

கீழே கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா குடும்பம், மேலே இரண்டு நர்ஸுகள். வீட்டை வாங்கி வெள்ளையடித்து முடிப்பதற்குள் ஆள் வந்துவிட்டது. மூன்று மாதம் வாடகை தவறாமல் வந்ததும் அவரைக் கூப்பிட்டு, "வேலைக்குப் பேப்பர் போட்டுட்டு வந்துருங்க" என்றேன்.

கார்த்திகையில் வந்து இறங்கினார். மறுநாளே அவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கீழ்வீட்டுப் பெண் காபி கொடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இங்கே எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"எத்தன நாள் லீவு அண்ணாச்சி?"

"நாப்பத்தஞ்சு நாளு" என்றார் சட்டென்று. வாய் பழகிப்போயிருந்தது. சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. லீவு இல்ல. வந்துட்டேன்" என்றார். நான் வாடகைக்காரி முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.