டெய்லரக்காவின் குறிப்பு நோட்டு

பதினான்கு வருடம் ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்துவிட்டு, முப்பத்தாறாவது வயதில் வேதியியல் முதலாண்டில் போய் உட்கார்ந்தார் அந்த மனிதர். கூடப் படிக்கும் பிள்ளைகள் 'மேஜர்' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பதவியை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் திருத்தவில்லை, யாரிடமும் வாய் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்தார்.

கடைசி பெஞ்ச், கதவோரம். உட்காருமுன் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்துக்கொள்வார். கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டால், உரியவர் வந்து எடுக்கும்வரை பாடம் காதில் ஏறாது.

மூன்றாவது வாரத்தில்தான் டெய்லரக்கா கண்ணில் பட்டார். தையல் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நாற்பத்தைந்து வயதில் படிக்க வந்தவர். தினமும் மேஜருக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜர் ஜன்னல் பக்கம் மாறினார். மறுநாள் அக்காவும் மாறினார். மேஜர் லேப் நாளைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாற்றிக்கொண்டு போனால், பக்கத்து மேசையில் அக்கா கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நீங்க செவ்வாய்க்கிழமைதானே?"

"மாத்திக்கிட்டேன் தம்பி. வீட்ல வேலை." கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

மேஜர் அலுவலகத்தில் விசாரித்தார். "அந்தம்மா உங்க லேப் நேரத்தைக் கேட்டுட்டுப் போனாங்களே. உங்க சொந்தக்காரங்கன்னாங்க" என்றார் குமாஸ்தா.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். "எதிர்வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரையே மூணு நாள் காவல் காத்தவராச்சே நீங்க."

"ரெண்டு நாள்ல ஒரு செவருதான் அடிச்சான்."

"நீங்க அப்படி முறைச்சா அவருக்குக் கை ஓடுமா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு ராணுவத்தில் அவர்கள் முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வந்த ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் வேண்டியவர். ஊரில் அம்மா சுகமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். ஒரு காலையில் காவல் மாறும் நேரம் பார்த்துத் தாக்குதல் நடந்தது. சிப்பாய் ஒருவன் மேஜரின் மடியிலேயே போய்ச் சேர்ந்தான். பிறகு லாரியைச் சோதித்தபோது, சிகரெட் அட்டையில் காவல் மாறும் நேரங்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன.

அடுத்த வியாழன் அக்கா தராசுப் பக்கம் போனபோது, மேசைமேல் நோட்டு திறந்து கிடந்தது. மேஜர் பார்த்தார். தேதிகள். ஒவ்வொன்றின் கீழும் 'மேஜர்', வந்த நேரம், போன நேரம். அவர் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாட்களுக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதி, பக்கத்தில் 'போகவில்லை' என்றிருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு நேரே துறைத்தலைவி அறைக்குப் போனார். அம்மையார் நோட்டைப் புரட்டிவிட்டு அக்காவை வரச் சொன்னார்.

"இதை நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

அக்கா காய்ந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். அப்போது மேஜர் பார்த்தார்: நாக்கின் ஓரத்தில் கடித்து ஆறிய தழும்பு, அதன்மேல் இன்னொன்று. அப்படிப்பட்ட நாக்குகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். 'போகவில்லை' என்றால் என்ன அர்த்தம் என்று அந்த நொடியில் புரிந்தது. அவர் வராத நாளில் அக்கா லேப்புக்குப் போகவில்லை.

"எழுதிக் குடுங்க, நடவடிக்கை எடுக்கறேன்" என்றார் அம்மையார்.

"வேண்டாம் மேடம். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டருகே வந்ததும் மேஜர் கேட்டார். "வலிப்பு எத்தனை வருஷமா?"

"பதினெட்டு வயசுலேருந்து. தெரிஞ்சா லேப்புக்குள்ள விடமாட்டாங்க. அடிபட்டவங்களப் பாத்துக்கிட்டவருன்னு முதல் நாள் வகுப்புல நீங்கதான சொன்னீங்க? நீங்க பக்கத்துல இருந்தா ஒரு தைரியம் தம்பி."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்குச் சொல்லத் தோணும்?"

மேஜருக்குச் சுருக்கென்றது. "லேப் உதவியாளருக்காவது தெரியணும்க்கா. நான் இல்லாத அன்னிக்கு நீங்க அமிலத்தோட விழுந்தா?"

அக்காவின் முகம் மாறியது. "போய்ச் சொல்லிடுவீங்க, இல்ல?"

இப்போது சந்தேகம் அக்காவுக்கு. மேஜர் யாரோடாவது பேசிக்கொண்டு நின்றால் அக்காவின் காது இங்கேதான் இருக்கும். துறைத்தலைவி அறை வழியாக அவர் நடந்தாலே அக்கா வாசலுக்கு வந்துவிடுவார். பார்வை முதுகில் ஊர்வது எப்படி இருக்கும் என்று, அந்தப் பெயின்ட்காரருக்குத் தெரிந்ததுபோல இப்போது மேஜருக்கும் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் அக்காவே போய் லேப் உதவியாளரிடம் சொன்னார்.

சிடுசிடுவென்றிருக்கும் அந்த மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "விழுந்தா நான் என்ன செய்யணும்?" மேஜர் தரையில் படுத்துக் காட்டினார்.

மகளின் பள்ளிக்கு மேஜர் போயிருந்த ஒரு நாளில் அக்கா விழுந்தார். மறுநாள் லேப் உதவியாளர் விறைப்பாக நின்று ஒப்பித்தார்: "ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். வாயில எதையும் திணிக்க விடல." மேஜருக்கு நிம்மதியாக இருந்தது, தான் இனி யாருக்கும் தேவையில்லை என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

இருவரும் மூன்று வருடத்தில் தேறினார்கள். அக்காவுக்குப் பதினோரு மதிப்பெண் அதிகம். மேஜருக்கு அதிலும் சந்தேகம். தன் தாளை மறுகூட்டலுக்கு அனுப்பினார். ஒன்றும் கூடவில்லை.