டிக்கட்டில் இருந்தது யாருடைய நம்பர்?

நான் அப்புத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஏழாம் ஆண்டோடு படிப்பை விட்டவள். கணவரின் கண் ஒபரேஷனுக்குக் கொழும்பு போக ரயிலில் இடம் கிடைக்குமா என்ற பயத்தில் எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற ஒருவன், "உள்ள கேட்டுப் பிரயோசனமில்ல அக்கா. எல்லாம் சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரங்களுக்குப் போயிருச்சு" என்றான். மூன்று மடங்கு விலைக்கு அவனிடமே இரண்டு டிக்கட் வாங்கினேன். இருக்கை நம்பரை மட்டும் பத்துத் தடவை பார்த்துக்கொண்டேன்.

ரயிலில் பரிசோதகர் அடையாள அட்டை கேட்டார்.

"டிக்கட்டுல வேற யாரோட அட்டை நம்பரோ இருக்கும்மா. இது செல்லாது."

"நாளைக்குக் காலையில ஒபரேஷன். எறக்கி விட்டுறாதீங்க ஐயா!" ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைக் காட்டிக் கும்பிட்டேன்.

அவர் மனமிரங்கி, முன்பதிவு இல்லாத சாதாரண மூன்றாம் வகுப்பு டிக்கட் இரண்டு எழுதிக் கொடுத்தார். "இத பயணம் போற அன்னைக்கே கவுன்டர்ல குறைஞ்ச விலைக்குக் குடுப்பாங்களே, கேக்கலையா?"

கணவர் சிரித்தார். "எல்லாத்துக்கும் பயப்படுவ. பயப்பட வேண்டிய ஆளுகிட்ட மட்டும் காச நீட்டிட்ட!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளியோடு போகிறவளின் பயத்தை விற்றுப் பிழைக்கிறவனுக்கு வெட்கமில்லையா?

இப்போது கவுன்டரில் நானே கேட்கிறேன். முன்பதிவு என்றால், டிக்கட்டில் உள்ள நம்பரை அடையாள அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே நகர்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.