இரண்டு கறை, நான்கு கறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் சீனிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்து கிடந்தது. அதன் இலைகளில், ஆமை ஓட்டைக் கவிழ்த்தாற்போன்ற முதுகோடு, விரல் நகத்தளவு ஆமைவண்டுகள் இருக்கும். பொன்னிறம் ஒரு வகை, தவிட்டு நிறம் இன்னொரு வகை என்று நான் அடித்துச் சொல்வேன். குழித்துறையிலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மயினியோ, "எல்லாம் ஒண்ணுதான் மக்கா" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்னிறமாய்ப் பளபளத்த வண்டுகள் இரண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்தேன். மறுநாள் காலை மயினியைக் கூப்பிட்டுத் திறந்தால், உள்ளே இரண்டும் தவிட்டு நிறம்!

"மாத்தி வச்சிட்டியளே மயினி!" என்று கத்தினேன்.

அவள் இரண்டையும் இலையில் விட்டாள். மிரட்சி தெளிந்து அவை நடக்கத் தொடங்கியதும், ஓட்டில் பொன் மெல்ல ஊறி வந்தது.

"பயந்தா நெறம் போயிரும் ஏட்டி. இப்பம் சொல்லு, ரெண்டு வகையா?"

தோற்றுப்போக எனக்கு மனமில்லை. மூக்கு இலையில் இடிக்கக் குனிந்து பார்த்தேன். ஒன்றுக்கு ஓட்டின் விளிம்பில் தோள்பக்கம் மட்டும் இரண்டு கறுத்த கறை; மற்றதற்கு நான்கு மூலையிலும் கறை. இருவரும் கொடி முழுக்கத் தேடினோம். அகப்பட்ட வண்டெல்லாம் இந்த இரண்டில் ஒன்றாகவே இருந்தது.

"ரெண்டு வகைதான்! நான் அப்பவே சொன்னேம்லா!" என்று குதித்தேன். சொன்ன காரணம் தப்பு என்பதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மயினி என் கன்னத்தை நிமிண்டினாள். "ஜெயிச்ச ஒடனே ஒனக்கும் பொன்னு திரும்பிட்டு, பாத்தியா?"