பலூன் கேள்வி

எங்கள் பல் மருத்துவமனையில் கம்பி கட்டிக்கொள்ள வருகிறவர்கள் முதலில் பலூன் அக்காவைத் தாண்டியாக வேண்டும். உதவியாளர் வேலைதான். ஆனால் படிவத்தைக் கையில் எடுத்தால் குறுக்கு விசாரணைதான்.

"பலூன் ஊதினா உதடு வீங்குமா? வாழைப்பழம் தின்னா வாய் அரிக்குமா?"

வரவேற்பு மேசையில் இருக்கும் நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். வந்தவர்கள் அடக்க மாட்டார்கள். ஆறடி உயர லாரி ஓட்டுநர் ஒருவர், "நான் பல்லைக் காட்ட வந்தேனா, பொறந்தநாள் கொண்டாட வந்தேனா?" என்று எழுந்தே போய்விட்டார்.

அக்கா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முன்பு ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கம்பியில் சாதாரண ரப்பர் வளையம் மாட்டி அனுப்பினார். அரை மணி நேரத்தில் அவள் உதடெல்லாம் வீங்கி, மூச்சுத் திணறத் திரும்பி வந்தாள். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு. அப்படிப்பட்டவர்களுக்குப் பலூனும் ஆகாது, பல பேருக்கு வாழைப்பழமும் ஆகாது. அவள் தேறிவிட்டாள், அக்காதான் ஒரு வாரம் தூங்கவில்லை. அன்றிலிருந்து ரப்பர் பால் கலக்காத வளையங்களையும் நீலக் கையுறைகளையும் தனி டப்பாவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார்.

லாரிக்காரர் போனதும் டாக்டர் கொதித்தார்.

"இன்னொரு ஆள் இப்படி எழுந்து போனா, அந்தக் கேள்வியை ஃபாரத்துல இருந்தே எடுத்துடுவேன்."

சொல்லிக்கொண்டே புறங்கையைச் சொறிந்தார். பதினோரு வருடமாகச் சொறிகிறார். பழியைச் சோப்பின் மேல் போட்டு, மாதம் ஒரு சோப்பு மாற்றுகிறார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் டாக்டரே கம்பி கட்டிக்கொள்ள உட்கார்ந்தார். "உங்க பல்லே கோணலா இருக்கே" என்று நோயாளிகள் கேட்டுக் கேட்டு மானம் போயிருந்தது. கட்டப்போவது அவர் மனைவி, எங்கள் டாக்டரம்மா. அக்கா படிவத்தோடு போய் நின்றார்.

"என்கிட்டயேவா?" என்றார் டாக்டர்.

"கம்பி கட்டுற எல்லார்கிட்டயும் கேக்கணும் சார். பலூன் ஊதினா உதடு வீங்குமா?"

டாக்டர் பாதி எழுந்தார். எழுந்து போனால் அந்த 'இன்னொரு ஆள்' தானே என்பது உறைத்திருக்க வேண்டும், மறுபடி உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல வீங்கும்" என்று இழுத்தார். "எல்லாருக்கும் வீங்கும்தானே?"

டாக்டரம்மா, மாட்டப்போன கையுறையைக் கீழே வைத்தார்.

"வாழைப்பழம்?" என்றார் அக்கா.

"லேசா அரிக்கும்."

அக்கா அவருடைய புறங்கையைப் பார்த்தார். பதினோரு வருடமாக அந்தக் கை ரப்பர் கையுறைக்குள்தான் இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை உருவி, தனி டப்பாவைத் திறந்தார்.

"சோப்பு பாவம் சார்."