அப்பாவின் மாவுக் கடை

கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, அறுபதை நெருங்கும் வயதில் வலது கை அதில் சிக்கி மணிக்கட்டோடு போயிற்று. அதன்பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆறேழு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் ஒரு பெரிய கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வீட்டின் முன்னறை இட்லி மாவுக் கடையாயிற்று.

அரிசி களைவது, உளுந்து போடுவது, மாவை வழித்து எடுப்பது, தராசில் நிறுப்பது எல்லாவற்றையும் இடது கையாலேயே பழகிக்கொண்டார். கவரின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடுவது மட்டும் அம்மா. அவர் நிறுத்து நீட்டுவார், அம்மா கட்டி நீட்டுவாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். மாலையில் வேலை விட்டு வருகிற பெண்கள் வாசலில் நிற்பார்கள்.

போன வருடம் அம்மா நெஞ்சுவலியில் இறந்தாள். காரியம் முடிந்த மறுநாளே அப்பா அரிசி ஊறப் போட்டுவிட்டார். நான் ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவேன். ஒவ்வொரு முறையும் மாவு மீந்து புளித்துக் கிடந்தது. ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "நம்மகிட்ட யாரு கண்ணு வேலைக்கு வருவாங்க" என்றார்.

ஒரு ஞாயிறு, பக்கத்து வீதியிலிருந்து வழக்கமாக மாவு வாங்கும் அக்கா வெறுங்கையோடு கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்து, "ஏனுங்க்கா, மாவு வேண்டாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தயங்கி என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"தப்பா நெனைச்சுக்காத அம்மணி. உங்கப்பா கவரைப் பல்லுல கடிச்சுப் புடிச்சுட்டுத்தான் ரப்பர் பேண்டு போடறாரு. எங்கூட்டுல அதைப் பாத்துப்போட்டு, இனி அங்க வாங்காதேங்கறாங்க. எனக்கே சொல்றதுக்குச் சங்கடமா இருக்குது."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் நான் திரும்பியபோது அப்பா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் கட்டாத கவர். அதை அப்படியே வாளியில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

மறு வாரம் கடை முன்னால் ஓர் அட்டை தொங்கியது. பாத்திரம் கொண்டுவரவும் என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தார். அந்த அக்கா ஒரு தூக்குப்போசியோடு வந்தார். இன்னும் சிலரும் கொஞ்ச நாள் வந்தார்கள். கம்பெனி விட்டு வருகிறவர்கள் தினமும் பாத்திரத்தைச் சுமந்துகொண்டா போவார்கள்? ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று தோன்றியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கிரைண்டரை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடச் சொன்னபோது அப்பா மறுத்துப் பேசவில்லை.

"ஒரு கைதான் போச்சுன்னு நெனைச்சுட்டு இருந்தேன் கண்ணு. உங்கம்மா போனப்பறந்தான் தெரியுது" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. என் கணவர் அவரோடு உட்கார்ந்து செய்தி பார்ப்பார். அப்பா தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், இரண்டாம் முறை கேட்கவே மாட்டார். பசிக்கவில்லை என்பார். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய் மதியம்தான் வருவார். நடக்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் என்னை நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அப்பா இந்த ரோட்டுல எல்லா கேட்டுலயும் போய் வாட்ச்மேன் வேலை இருக்குதான்னு கேட்டுட்டு இருக்காருங்க. நம்ம கேட்டுலயும் கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆள் இருக்குதுங்கன்னு சொன்னேன். சரிங்க தம்பின்னுட்டு அடுத்த கேட்டுக்குப் போயிட்டாருங்க."

அன்று மதியம் அப்பா வந்ததும் சோறு போட்டேன். எதுவும் கேட்கவில்லை. வெயில் ஜாஸ்தி என்றார். ஆமாங்கப்பா என்றேன்.