என் பழைய கிட்டாரும் முருகேசன் வைத்த சோதனையும்

இன்று மத்திகிரியில் நண்பன் முருகேசன் வீட்டில் ஒரே வாக்குவாதம். எலக்ட்ரிக் கிட்டார் பழசாகப் பழசாக அதன் நாதம் இனிமையாகும் என்றேன்.

கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் அவனோ, “அதெல்லாம் உன் பிரமைடா” என்றான்.

“என் புதுசு, உன் பழசு, ரெண்டையும் வாசிக்கறேன். எது எதுன்னு சொல்லு” என்று துண்டால் என் கண்ணைக் கட்டினான். ஒரு முறை வாசித்தான். டீ குடித்துவிட்டு மறுபடி வாசித்தான்.

“முதல்ல வந்தது உன்னுது, கரகரன்னு இருந்துச்சு. ரெண்டாவது என்னுது, தேன்!” என்றேன்.

“ரெண்டு தடவையும் உன்னுதுதான்டா. எங்க லைன்ல ஒரே பீஸை ரெண்டு தடவை குடுத்து, செக் பண்றவனையே செக் பண்ணுவோம்.”

ஆனால் இரண்டாவது நிஜமாகவே நன்றாக இருந்ததே!

கிட்டார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அவன் டீ குடித்த நேரத்தில் அது இன்னும் கொஞ்சம் பழசாகியிருக்குமோ?